பனி மூடிய கடலில் அலை: விண்ணிலிருந்து பார்ப்பது சாத்தியமா, சும்மா கதையா?

வாசகர் கேள்வி, 6 ஜனவரி 2025

கடல் உறைந்துவிட்டால் அலை அடங்கிவிடும் என்றுதான் படித்திருக்கிறேன். இப்போது துருவக் கடற்பனிக்குள் ஓடும் அலைகளைச் செயற்கைக்கோள் அளக்கிறது என்கிறார்கள். 500 கிலோமீட்டர் உயரத்திலிருந்து, பனிக்கு அடியில் இருக்கும் அலையையா? சில சென்டிமீட்டர் மேடுபள்ளத்தைக் காட்டி இதுதான் அலை என்பது, தரவைப் பிழிந்து வேண்டியதை வடிப்பதாகத்தான் எனக்குப் படுகிறது.

6 ஜனவரி, இரவு

அடியில் இல்லை. பனியே அலையாக ஆடுகிறது. கடற்பனி என்பது பெரும்பாலும் ஒன்றிரண்டு மீட்டர் தடிமன், விளிம்பில் அதைவிடக் குறைவு. 200, 300 மீட்டர் நீளமுள்ள அலைக்கு அது போர்வை மாதிரி. போர்வைக்குள் கால் நீட்டினால் போர்வையும் எழும்பும் அல்லவா, அவ்வளவுதான். செயற்கைக்கோள் பார்ப்பது போர்வையின் மேல்பக்கத்தை.

"அடங்கிவிடும்" என்பது பாதி சரி. குட்டி அலைகள் விளிம்பிலேயே செத்துவிடும். தூரத்துப் புயலில் பிறந்து வரும் நெடுஅலைகள் நூறு கிலோமீட்டர் தாண்டியும் உள்ளே போகும்.

9 ஜனவரி

"தரவைப் பிழிவது" என்ற வார்த்தை மூன்று நாளாக உறுத்துகிறது. என் அனுபவம் அதற்கு நேர் எதிர். அலையைக் கையில் வைத்துக்கொண்டே குப்பையில் போட்டவன் நான்.

நாசாவின் ஐஸ்சாட்-2, 2018 செப்டம்பரில் ஏவப்பட்டது. பச்சை லேசர், நொடிக்கு 10,000 துடிப்பு. ஒவ்வொரு துடிப்பிலும் பல லட்சம் கோடி ஒளித்துகள்கள் கீழே போகின்றன, திரும்பி வந்து தொலைநோக்கியில் விழுபவை ஒரு டஜன் போல. அந்த ஒரு டஜன் எப்போது திரும்பின என்பதை வைத்துத் தரையின் உயரம். துடிப்புக்குத் துடிப்பு தரையில் 70 சென்டிமீட்டர் இடைவெளி. தரவு எல்லாம் இலவசம், யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம்.

நான் இறக்கியது பனி எவ்வளவு தூரம் நீருக்கு மேலே நிற்கிறது என்று பார்க்க. அதிலிருந்துதான் தடிமனைக் கணக்கிடுவார்கள். பனித்தட்டுகளுக்கு நடுவே திறந்திருக்கும் நீர்ப் பிளவுகளைக் கண்டுபிடித்து அதை நீர்மட்டம் என்று வைத்து, பனியின் உயரத்திலிருந்து கழிக்க வேண்டும். எளிமையான வேலை. அண்டார்டிகாவின் வெட்டெல் கடல் பக்கம் செயற்கைக்கோள் போன தடம் ஒன்றில் மட்டும் பனி, நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தது. ஒரு இடத்தில் இரு இடத்தில் அல்ல, கிலோமீட்டர் கணக்கில், மேலே கீழே மேலே கீழே என்று. பனி மிதக்கும் பொருள், நீருக்குக் கீழே அதன் மேல்பக்கம் போக வழியில்லை. (கனமான வெண்பனி மேலே குவிந்து அழுத்தினால் போகும், அது வேறு கதை.) எனவே கருவிக் கோளாறு என்று முடிவு கட்டினேன். எதிர்மறை உயரம் உள்ள எல்லாவற்றையும் நீக்கு என்று ஒரு வரி நிரல் எழுதினேன். வரைபடம் அழகாகிவிட்டது. அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

10 ஜனவரி

நேற்றைய கதையின் மீதி. 2020-இல் கிறிஸ்டோபர் ஹார்வட் குழுவினரின் ஆய்வுக் கட்டுரை வந்திருந்தது எனக்குத் தெரியாது. நான் நீக்கிய அதே சமாசாரத்தை, கடல் மட்டத்துக்குக் கீழே இறங்கும் பனியை, அவர்கள் அலையின் கைரேகையாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். அலையின் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும் பனி சராசரி நீர்மட்டத்துக்குக் கீழேதான் இருக்கும். வேறு எப்படி இருக்கும்?

படித்ததும் முதலில் வந்தது அறிவியல் ஆர்வம் இல்லை, வெட்கம்.

10 ஜனவரி, கொஞ்ச நேரம் கழித்து

இதில் நடைமுறைத் தொல்லையும் உண்டு. அலை ஓடும் இடத்தில் ஒரு நீர்ப் பிளவு பள்ளத்தில் மாட்டிக்கொண்டால் அதையே நீர்மட்டம் என்று நிரல் எடுத்துக்கொள்ளும். பக்கத்துப் பனி முகட்டில் இருந்தால், இல்லாத உயரம் அதற்கு வந்துவிடும். நீருக்கு மேலே தெரியும் பனி பத்து சென்டிமீட்டர் கூடினால் மொத்தத் தடிமன் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் கூடியதாகக் கணக்கு வரும். அலை வேண்டாம், தடிமன்தான் வேண்டும் என்பவர்களும் அலையைத் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

14 ஜனவரி

"லேசர் ஓடிக்கொண்டே அளக்கிறது, அலையும் ஓடுகிறது, இரண்டும் கலந்து குழம்பாதா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி, ஆனால் வேகத்தைப் பாருங்கள். லேசரின் தடம் தரையில் நொடிக்கு 7 கிலோமீட்டர் ஓடுகிறது. 100 கிலோமீட்டரை 14 நொடியில் தாண்டிவிடும். அதே 14 நொடியில் ஒரு நெடுஅலை தன் நீளம் அளவுக்கு ஒருமுறை நகர்ந்திருக்கும், அவ்வளவே. செயற்கைக்கோளுக்கு அலை சிலை மாதிரி.

பழைய ஐஸ்சாட் (2003-இல் ஏவியது) ஏன் இதைச் செய்யவில்லை? அதன் லேசர் புள்ளி சுமார் 70 மீட்டர் அகலம், புள்ளிக்குப் புள்ளி 170 மீட்டர். 200 மீட்டர் அலைக்கு முகட்டில் ஒன்று பள்ளத்தில் ஒன்று என்றுகூட ஒழுங்காக விழாது. புதியதில் புள்ளி பதினோரு மீட்டர் அளவு.

15 ஜனவரி

அலைநீளமும் காலமும் (ஒரு முகடு கடந்து அடுத்த முகடு வர ஆகும் நொடிகள்) குழப்புகிறது என்றவர்களுக்கு: ஆழ்கடலில் நீளம் மீட்டரில் = 1.56 × காலத்தின் வர்க்கம். 10 நொடி அலை 156 மீட்டர். 15 நொடி அலை 351 மீட்டர். இந்த ஒரு வரி மனப்பாடமாக இருந்தால் பாதி ஏமாற்று வேலைகளைப் பிடித்துவிடலாம், என்னுடையது உட்பட. எப்படி என்பது அடுத்து வரும்.

21 ஜனவரி

வந்துவிட்டது. சென்ற வாரம் இங்கே ஒரு படம் போட்டு "700 மீட்டர் நீள அலை, பனிக்குள் 150 கிலோமீட்டரில்!" என்று ஆச்சரியக்குறியோடு எழுதியிருந்தேன். 700-ஐ 1.56-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுங்கள். 21 நொடி. அப்படிப்பட்ட அலை உலகில் இல்லாமல் இல்லை, அரிது. என் அதிர்ஷ்டத்துக்கு முதல் வாரத்திலேயே சிக்கியது என்று நம்பினேன்.

நான் மறந்தது கோணம். லேசர் தடம் ஒரு கோடு. அலை அந்தக் கோட்டின் திசையிலேயே வந்தால் அளந்த நீளம்தான் உண்மை நீளம். சாய்வாக வந்தால் நீண்டு தெரியும். உழுத வயலைச் சாய்வாகக் குறுக்கே நடந்து கடந்தால் சால்களுக்கு இடையே அடிகள் கூடுமே, அதுதான். 60 டிகிரி சாய்வு என்றால் சரியாக இரட்டிப்பு. என் 700 மீட்டர் அலை உண்மையில் 350 மீட்டராக, சாதாரண 15 நொடி அலையாக இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. தென் கடலில் அந்த அகலாங்குகளில் தடங்கள் ஏறத்தாழ வடக்கு தெற்காக ஓடுகின்றன, அலைகள் பெரும்பாலும் மேற்கிலிருந்து தள்ளிக்கொண்டு வருகின்றன. சாய்வு விதிவிலக்கு அல்ல, அதுவே வழக்கம்.

ஆச்சரியக்குறியை வாபஸ் வாங்குகிறேன்.

22 ஜனவரி

கோணத்தை எப்படிப் பிடிப்பது? ஐஸ்சாட்-2 ஒரு லேசர்க் கற்றையை அல்ல, ஆறை அனுப்புகிறது. மூன்று ஜோடிகள். ஜோடிக்குள் ஒன்று பலமானது, ஒன்று நாலில் ஒரு பங்கு பலம். ஜோடிக்குள் இடைவெளி சுமார் 90 மீட்டர், ஜோடிக்கு ஜோடி 3.3 கிலோமீட்டர். பலமான கற்றையில் முகடு வரும் இடமும் பலவீனமான கற்றையில் அதே முகடு வரும் இடமும் எவ்வளவு தள்ளியிருக்கின்றன என்று பார்த்தால் சாய்வு கிடைக்கும். மேலே சொன்ன 350 மீட்டர், 60 டிகிரி உதாரணத்தில் அந்தத் தள்ளல் கால் அலைக்குச் சற்றுக் குறைவு. அளக்கக்கூடிய அளவு.

3.3 கிலோமீட்டர் தள்ளியுள்ள ஜோடிகளை வைத்து இன்னும் துல்லியமாகச் செய்யலாமே என்று நினைத்தேன். முடியாது. இடையில் எட்டு முகடுகள் போய்விடுகின்றன. இந்தப் பக்கத்து முகடுதான் அந்தப் பக்கத்தில் எது என்று அடையாளம் சொல்ல ஆளில்லை.

23 ஜனவரி

நேற்று எழுதியதில் ஒரு விடுபடல். பலமான கற்றையும் பலவீனமானதும் ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்குப் பக்கத்தில் இல்லை. ஒன்று மற்றதைவிட சுமார் 2.5 கிலோமீட்டர் முன்னே ஓடுகிறது, அதாவது மூன்றில் ஒரு நொடி. அதற்குள் 15 நொடி அலை எட்டு மீட்டர் நகரும். 350 மீட்டரில் எட்டு. கண்டுகொள்ளாமல் விடலாம், சொல்லாமல் விடக்கூடாது.

2 பிப்ரவரி

முதல் கேள்வி கேட்டவர் திரும்ப வந்து "லேசருக்கு மேகம் ஒத்துக்கொள்ளாதே" என்கிறார். ஆமாம். இதுதான் இந்த இழையில் எனக்கு வந்த மிகக் கூர்மையான அடி. அண்டார்டிகாவைச் சுற்றியுள்ள பனி விளிம்பு உலகிலேயே மேகம் அதிகம் சூழ்ந்த இடங்களில் ஒன்று. பெரிய அலை எப்போது வரும்? புயலில். புயலில் வானம் எப்படி இருக்கும்? கேட்கவே வேண்டாம். ஆக லேசர் பார்ப்பது புயல் ஓய்ந்த பின் மிச்சமிருக்கும் நெடுஅலையை. கல்யாணம் முடிந்து பந்தல் பிரிக்கும்போது வந்து நின்று எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணுவது மாதிரி. நான் போட்ட "சராசரி அலை உயரம்" படம் ஒன்று இருக்கிறதே, அதை மேகமில்லா நாட்களின் சராசரி என்று படித்துக்கொள்ளுங்கள்.

3 பிப்ரவரி

மேகத்துக்கு மாற்று ரேடார். ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் சென்டினல்-1. முதல் செயற்கைக்கோள் 2014 ஏப்ரல், இரண்டாவது 2016 ஏப்ரல். இரண்டாவது 2021 டிசம்பரில் மின்சாரக் கோளாறில் ஊமையாகிவிட்டது, 2024 டிசம்பரில் மூன்றாவதை ஏவினார்கள். மேகம், ஆறு மாத இரவு எதுவும் ரேடாருக்குப் பொருட்டில்லை.

ரேடாரில் அலை தெரிவது விசித்திரமான வழியில். செயற்கைத் துளை ரேடார் என்பது, நகர்ந்துகொண்டே எடுத்த எதிரொலிகளைக் கோர்த்துப் படமாக்கும் கருவி. தரை அசையவில்லை என்ற நம்பிக்கையில்தான் அந்தக் கோர்ப்பு. தரை அசைந்தால் பொருளைத் தவறான இடத்தில் வைத்துவிடும். சென்டினல் உயரத்திலிருந்து, செயற்கைக்கோளை நோக்கி நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் நகரும் பொருள் படத்தில் நூறு மீட்டருக்கு மேல் தள்ளி விழும். ஓடும் கப்பல் தன் நீர்த்தடத்தை விட்டுத் தனியாக நிற்கும் ரேடார் படங்களைப் பார்த்திருப்பீர்கள்.

இப்போது ஆடும் பனியை நினைத்துப் பாருங்கள். அலையின் ஒரு பக்கம் ஏறுகிறது, மறு பக்கம் இறங்குகிறது. ஏறுவது ஒரு திசையில் தள்ளி விழும், இறங்குவது எதிர்த் திசையில். ஓரிடத்தில் எல்லாம் வந்து குவிந்து பளிச்சென்று ஒரு கோடு, அடுத்த இடத்தில் வெறிச்சோடி இருட்டு. படத்தில் அலை தெரிவதற்குக் காரணம், கருவி தப்பாக வைப்பதுதான். அந்தத் தவறின் அளவிலிருந்து பனியின் வேகம், வேகத்திலிருந்து அலையின் உயரம்.

3 பிப்ரவரி, நள்ளிரவு

இன்னொன்று, இதை எழுதாமல் படுக்க முடியவில்லை. திறந்த கடலைவிடப் பனிக்குள் ரேடார் அலையை நன்றாகப் பார்க்கிறது! திறந்த கடலில் குட்டி அலைகள் கண்டபடி அசைந்து படத்தைக் கலக்கிவிடும், அதனால் செயற்கைக்கோள் பறக்கும் திசையில் ஓடும், 200 மீட்டருக்குக் குறைந்த நீளமுள்ள அலைகள் மங்கிப்போகும். பனி முதலில் கொல்வது அந்தக் குட்டி அலைகளைத்தான். கலக்குபவர்கள் போய்விட்டார்கள், நெடுஅலை தனியாகத் துலங்குகிறது. பல பத்தாண்டுகளுக்கு முன்பு எடுத்த ரேடார் படங்களிலேயே பனிக்குள் அலை தெரிந்தது. சென்டினல்-1 படங்களில் அந்தக் கோடுகளை உயரமாக மாற்றும் கணக்கு 2015-இல் வந்தது. ஃபாப்ரிஸ் ஆர்தோயின் குழு அதைச் செய்தது.

11 பிப்ரவரி

வரலாறு கேட்டவருக்கு. செயற்கைக்கோளுக்கு முன்பும் இதைச் சிலர் அளந்திருக்கிறார்கள், முதுகால். 1916 ஏப்ரல் 9 அன்று, அண்டார்டிகாவில் கப்பலைப் பனியிடம் இழந்த ஷேக்கிள்டனின் ஆட்கள் மாதக்கணக்கில் மிதந்துகொண்டிருந்த பனித்தட்டை விட்டுப் படகில் இறங்கினார்கள். அன்றிரவு வேறொரு தட்டில் கூடாரம் போட்டார்கள். நெடுஅலையில் தட்டு சரியாகக் கூடாரத்துக்கு அடியில் பிளந்தது. ஒருவர் தூங்கும் பையோடு கடலுக்குள் விழ, ஷேக்கிள்டன் பையோடு சேர்த்துத் தூக்கிப் போட்டார். பனி விளிம்பு பக்கத்தில் வந்துவிட்டது என்பதை அவர்களுக்குச் சொன்னது அந்த ஆட்டம்தான்.

12 பிப்ரவரி

நேற்றைய குறிப்பு திசை திருப்பியதாகப் புகார். திருப்பவில்லை. "விளிம்பு எங்கே" என்ற கேள்வியே அதற்குள் இருக்கிறது.

வரைபடங்களில் பனி விளிம்பு என்று போடுவது, நுண்ணலை உணரிகள் கொடுக்கும் அடர்த்தியை வைத்து. கடல்பரப்பில் 15 விழுக்காடு பனி இருந்தால் விளிம்பு தொடங்குகிறது, 80 விழுக்காடு வந்தால் உள்பனி. இரண்டுக்கும் இடைப்பட்டதுதான் ஓரப் பனி மண்டலம், அலையின் ராஜ்ஜியம் என்று வழக்கம். இந்த எல்லை நிர்வாக வசதிக்குப் போட்டது. அலைக்கு இது தெரியாது.

2017 ஜூலையில் ஒரு பெரும் புயல் அண்டார்டிக் பனி விளிம்பின்மேல் ஏறியபோது தென்னாப்பிரிக்கக் கப்பல் ஒன்று அங்கே இருந்தது. சுற்றிலும் வட்ட வட்டமான தட்டுப்பனி, இடுக்கெல்லாம் பனிக்கூழ். மேலிருந்து பார்த்தால் கிட்டத்தட்ட 100 விழுக்காடு பனி, கணக்குப்படி உள்பனி. கீழே அதெல்லாம் அலையோடும் காற்றோடும் கட்டற்று ஓடிக்கொண்டிருந்தது. அடர்த்தி எண் "கெட்டியான பனி" என்கிறது, அலை "இன்னும் நான் இங்கேதான்" என்கிறது. நான் அலையை நம்புவேன்.

20 பிப்ரவரி

நம்புவேன் என்று எழுதி எட்டு நாள் ஆகவில்லை, அலை என் காலை வாரிவிட்டது.

பனிக்குள் போகப் போக அலை உயரம் எப்படிக் குறைகிறது என்று ஒரு தடத்தில் வரைந்தேன். முதல் 200 கிலோமீட்டருக்கு ஒழுங்காக இறங்கியது. அதற்கப்புறம் 20 சென்டிமீட்டரில் போய் உட்கார்ந்துகொண்டது. 300 கிலோமீட்டரில் 20. 400-இல் 20. நெடுஅலை சாகவில்லை, பனியையே ஊடுருவி ஓடுகிறது என்று மூன்று பக்கம் எழுதினேன். இங்கே போடவில்லை, நல்லவேளை.

அலை உயரத்தைக் கணக்கிடும் வழக்கம், பரப்பின் ஏற்ற இறக்கத்தின் திட்டவிலக்கத்தை (சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு விலகுகிறது என்ற அளவை) நாலால் பெருக்குவது. ஐந்து சென்டிமீட்டர் திட்டவிலக்கம் என்றால் 20 சென்டிமீட்டர் அலை. அசையாத பனியிலேயே வெண்பனி மேடுகளும் நெருக்குண்டு எழுந்த வரப்புகளும் உண்டு. ஐந்து சென்டிமீட்டர் சொரசொரப்புக்குப் பஞ்சமா? நான் அளந்தது உறைந்த தரையின் சொரசொரப்பை. அலை 200 கிலோமீட்டரிலேயே அதற்கடியில் மூழ்கிவிட்டது.

ஜனவரியில் அலையை இரைச்சல் என்று தூக்கியெறிந்தேன். பிப்ரவரியில் இரைச்சலை அலை என்று தூக்கிவைத்து ஆடினேன்.

21 பிப்ரவரி

ஆறுதலுக்குச் சொல்கிறேன், பெரியவர்களும் இதில் விழுந்திருக்கிறார்கள். குட்டி அலைகள் பனியில் வேகமாகச் சாக வேண்டும், காலம் குறையக் குறைய இன்னும் வேகமாக. பல பத்தாண்டுகளாக மிதவைக் கருவி அளவுகளில் ஒரு எல்லைக்குக் கீழே இந்தப் போக்கு திரும்பி, மிகக் குட்டி அலைகள் மெதுவாகச் சாவதாகத் தெரிந்தது. அதற்குக் காற்று, அலைகளுக்கிடையே ஆற்றல் பரிமாற்றம் என்று விளக்கங்கள் முளைத்தன. 2021-இல் ஜிம் தாம்சன் குழு கருவியின் இரைச்சல் மட்டமே அந்தத் திருப்பத்தை உண்டாக்கும் என்று காட்டியது. செத்த அலையின் இடத்தில் இரைச்சல் உட்கார்ந்து, சாகவில்லை என்று பொய் சொல்லியிருக்கிறது.

என் வரைபடத்தில் இப்போது ஒரு படுகோடு போட்டிருக்கிறேன். அதற்குக் கீழே வரும் எதையும் அலை என்று அழைப்பதில்லை. உயரத்தை மட்டும் நம்பாமல், எந்த நீள அலையில் எவ்வளவு ஆற்றல் என்று பிரித்துக் காட்டும் நிறமாலையில் குறிப்பிட்ட நீளத்தில் முகடு எழுகிறதா என்றும் பார்க்கிறேன். சொரசொரப்புக்கு ஒழுங்கான நீளம் கிடையாது.

1 மார்ச்

"இதெல்லாம் தெரிந்து யாருக்கு என்ன?" ஒரே பத்தி. 2012-இல் அண்டார்டிக் பனியில் இறக்கிய மிதவைகளை வைத்து அலிசன் கோஹவுட் குழு 2014-இல் எழுதியது: மூன்று மீட்டருக்கு மேற்பட்ட அலைகள் எதிர்பார்த்ததைவிட மெதுவாகத் தேய்ந்து, விளிம்பிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உள்ளே பனியை உடைக்கின்றன. உடைந்த பனி கோடையில் சீக்கிரம் உருகும், உருகினால் அடுத்த அலைக்கு வழி திறக்கும். அதற்கும் உள்ளே, கரையை ஒட்டிய மிதக்கும் பனியடுக்குகளுக்குக் கடற்பனிதான் கேடயம். 2002-இல் லார்சன்-பி என்ற அண்டார்டிக் பனியடுக்கு நொறுங்கியபோது முன்னால் அந்தக் கேடயம் இல்லை. வட துருவத்திலும் இதே கதை: 2012 செப்டம்பரில், பனி மிகச் சுருங்கியிருந்த காலத்தில், பியூஃபோர்ட் கடலில் ஐந்து மீட்டர் அலை அளந்திருக்கிறார்கள்.

9 மார்ச்

நீர்ப்பரப்பின் உயரத்தை ரேடாரால் அளக்கும் ஸ்வாட் செயற்கைக்கோள் பற்றிக் கேட்டவருக்கு: 2022 டிசம்பரில் ஏவியது, பக்கத்துக்கு 50 கிலோமீட்டராக இரண்டு பட்டைகள், கோட்டுக்குப் பதில் பரப்பு. அதாவது என் கோணத் தலைவலிக்கு மருந்து. ஆனால் 78 டிகிரி அகலாங்குக்கு மேல் போகாது. அண்டார்டிக் ஓரப் பனிக்கு அது போதும். வட துருவத்தின் நடுப்பகுதிக்குப் போதாது.

17 மார்ச்

லேசரும் ரேடாரும் ஒரே நாளில் ஒரே பனியின்மேல் போன இடங்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன். 15 நொடி அலையின் ஆற்றல் மணிக்கு 42 கிலோமீட்டர் போகும், ஆகவே ஓரிரு மணி நேர இடைவெளி வரை பொறுக்கலாம். மூன்று வாரத்தில் நேரமும் இடமும் பொருந்தியது ஒன்றே ஒன்று. ரேடார் படத்தைத் திறந்தேன், வரிவரியாக, விளிம்பிலிருந்து உள்ளே 100 கிலோமீட்டருக்கு மேல், அவ்வளவு சுத்தமான கோடுகள்.

லேசர் கோப்பைத் திறந்தேன். தடம் முழுக்க மேகம்.